மோடத்துக்கு ஒரு டேபிள் ஃபேன்

சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு வயர்லெஸ் மோடம் வந்த வருஷம்தான் அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வேலைக்கு வருகிறவர்களின் தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துப் பழகியவர். நான் மோடத்தை மாட்டி, பாஸ்வேர்டு போட்டு, லேப்டாப்பில் இணையம் வருவதைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. மோடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சுடுதுலே” என்றார்.

“எல்லா மோடமும் அப்படித்தாம்ப்பா சுடும்.”

“சுடுற சாமானை வெயில் நேரத்துல ஓட விடக்கூடாது.”

மறுநாளிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அதை அணைத்து, நாலு மணிக்குப் போட்டார். நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

அந்தக் கோடையில் சிங்கப்பூரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேமராவில் குழந்தையைக் காட்ட ஆரம்பித்தாள். முகம் தெரிவதற்குள் படம் நின்றுவிட்டது. மணி பதினொன்று.

அம்மா கோபப்படவில்லை. அப்பாவிடம் போய், “உங்க பேத்தியோட காலு மட்டும் தெரிஞ்சுச்சு. மிச்சத்தை நாலு மணிக்குப் பாத்துக்கிடுவோம்” என்றாள்.

 அப்பா வீட்டிலிருந்த ஒரே காற்றாடியான டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, மோடத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டுக்கும் சுவிட்சைப் போட்டார். மறுபடி வந்த படத்தில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கண் எடுக்காமல் பார்த்தார்.

“ஏம்ப்பா இப்படி வேர்த்துப்போயி இருக்கீக? அங்கன கரண்டு இல்லையா?” என்று அக்கா கேட்டாள்.

“இருக்கு. நீ பிள்ளையைக் காட்டு” என்றார்.