உல்லன் நூல் பூச்சாடி

ஐந்தாம் வகுப்பில் எங்கள் கிராஃப்ட் டீச்சர் ஆளுக்கொரு பூச்சாடி செய்துவரச் சொன்னார். சணல் கயிற்றை நத்தை ஓடுபோலச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். கயிற்றின்மேல் உல்லன் நூலைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு கோணி ஊசியால் தைத்து மேலேற்ற வேண்டும். அடிப்பாகம் முடிந்ததுமே எனக்குச் சலித்துவிட்டது. பரிசு தரும் பள்ளிக் கண்காட்சிக்கோ இரண்டே வாரம்.

வீட்டில் வேலையில்லாமல் இருந்தவர் அப்பா மட்டும்தான். கோட்டையூரில் தையல்கடை வைத்திருந்தவர், பஸ் படியிலிருந்து விழுந்து வலக்கை முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் விரல் மடங்காமல் உட்கார்ந்திருந்தார். மடக்கிப் பழகாவிட்டால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது என்றார் டாக்டர். அவர் தந்த ரப்பர் பந்தை அப்பா தொடுவதே இல்லை. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவாள்.

“சும்மாதானே இருக்கீக, இதப் பின்னிக் குடுங்கப்பா” என்றேன். அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

அப்பா இடக்கையால் ஊசியை எடுத்தார்.

“அந்தக் கை வேணாம்ப்பா, கோணலா வரும்.”

எனக்குப் பரிசுதான் பெரிது. வலக்கையில் ஊசி நிற்காமல் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. ஒரு சுற்று முடியவே ஒரு நாள் ஆயிற்று, அதுவும் தொளதொளவென்று.

“பிரிச்சுட்டுத் திரும்பப் போடவா ஆத்தா?”

“நேரமில்ல. மேல போங்க.”

இரக்கமற்ற மேஸ்திரி நான். பள்ளி விட்டதும் ஓடிவந்து சுற்றுகளை எண்ணுவேன். ஒன்று, இரண்டு, ஒருநாள் ஐந்து! கடைசி நாள் காலையில் விளிம்பைத் தைத்து முடித்த அப்பா, மிச்ச நூலைக் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினார்.

“போயி ஜெயிச்சுட்டு வா ஆத்தா.”

“நீயே செஞ்சதா?” என்று டீச்சர் கேட்டபோது, “அடி மட்டும் நான், மிச்சமெல்லாம் எங்கப்பா” என்று உளறிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆறுதல் பரிசு என்று எழுதிச் சான்றிதழ் தந்தார். எனக்கு அது உலகக்கோப்பை. தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

“அப்பா எங்கம்மா?”

“கடை தொறக்கப் போயிருக்காக” என்றாள் அம்மா. பூச்சாடியை வாங்கி, தொளதொளத்த கீழ்ச்சுற்றிலிருந்து இறுகிப் படிந்த மேல்விளிம்புவரை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். கண்ணீர் கொட்டியது.

“அழாதம்மா, அடுத்த வருசம் மொதப் பரிசே வாங்கியாரேன்” என்று தேற்றினேன்.

அம்மா அந்தச் சான்றிதழை ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு வெகுநாள் இருந்தது.