தேங்காய் உடைக்கிற மூலை

சின்ன வயதில் நான் நனைத்த பாயை அம்மா காலையில் குளத்துக்குக் கொண்டுபோய் அலசி வருவாள். “நேத்து எங்க வீட்டுக்குள்ள மட்டும் மழை” என்று அக்கா ஊரெல்லாம் சொல்லுவாள். நாலாம் வகுப்பு படிக்கும்போது அது தானாக நின்றது. மூன்றாவது பிள்ளை பிறந்தபின் வேறு மாதிரி வந்தது. இருமினாலும் தும்மினாலும் துணி நனைந்துவிடும்; சிரித்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்வெட்டு உண்டு. சாயங்காலமே பெண்கள் கூடி காய் நறுக்குவார்கள், தேங்காய் துருவுவார்கள். வேலையைவிடச் சிரிப்புதான் அதிகம். அதற்குப் பயந்து நான் மறுநாள் தாலிகட்டுக்கு மட்டும் போவேன். தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். காய்வெட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. எனக்கும் ஆசைதான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், உள்ளே துணி மடித்து வைத்து, பையில் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் உட்காராமல், தேங்காய் உடைக்கிற மூலையில் வெட்டுகத்தியோடு இருந்துகொண்டேன். அங்கே தரையும் சேலையும் தேங்காய்த் தண்ணீரில் நனைந்தே கிடக்கும். வித்தியாசம் தெரியாது.

அண்ணன் மனைவி, என் மைனி, தேடி வந்தாள்.

“தனியா இருந்து என்னட்டி செய்யுக? அங்க வந்து இரி.”

“எனக்கு இங்கதான் சௌகரியம் மைனி.”

“ஒதடு காஞ்சு கெடக்கு. தண்ணி குடிச்சியா?”

ஏனோ அவளிடம் மறைக்க முடியவில்லை. குனிந்துகொண்டே சொல்லிவிட்டேன். மைனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுக்கா ஒளிஞ்சுக்கிட்டு நடந்த? எனக்கும் உண்டும். தண்ணி குடிக்காம இருந்தா இன்னும் கடுக்கும்னு நர்சம்மா சொன்னா. அடக்கவும் கூடாது. நான் எழும்பும்போ நீயும் எழும்பு.”

பிறகு அந்தப் பக்கம் திரும்பி, “துருவியத் தூக்கிக்கிட்டு எல்லாரும் இங்க வாங்க. தேங்கா இங்கதான கெடக்கு” என்றாள்.

வந்துவிட்டார்கள். ஈரத்திலேயே துருவியைப் போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் மூக்கு நீளத்தைப் பற்றி ஒருத்தி தொடங்கினாள். “பந்தியில குனிஞ்சா சாம்பார்ல முங்கும், வாழை இலை கொஞ்சம் தள்ளிப் போடணும்” என்றாள் இன்னொருத்தி. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். நனைந்தது. மைனி முழங்கையால் இடித்தாள், எழுந்தோம்.

“ரெண்டு பேரும் சேந்து எங்க போறிய?”

“ஒங்களப் பத்திக் குத்தம் பேச” என்றாள் மைனி.

துணி மாற்றித் திரும்பியபோது வேறொரு கதை பாதி ஓடியிருந்தது. முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டு உட்கார்ந்தேன்.