ஹேமமாலி மிஸ்ஸின் சண்டைப் பாடம்

எங்கள் கந்தேவத்தையில் ஹேமமாலி மிஸ்ஸைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முக்கால்வாசி பொய். நான் வெலிகம வீதியில் பதினெட்டு வருஷமாக த்ரீவீல் ஓட்டுகிறவன். ஊர்க்கதை எதுவானாலும் முதலில் என் வண்டியில்தான் ஏறும். அதனால் எது பொய், எது மெய் என்று எனக்குத் தெரியும். தவிர, இந்தக் கதையில் நான் செய்த ஒரு முட்டாள்தனமும் இருக்கிறது. வேறு யாராவது கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மிஸ்ஸின் அப்பா கறுவாப்பட்டை உரிக்கிறவர். வீட்டில் ஐந்து பெண்கள், மிஸ் மூன்றாவது. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷில் முதல்தரம் வாங்கியது அந்த வருஷம் அவர் ஒருவர்தான். அந்தச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ஒரு வேலைக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். அவ்வளவுதான் கேள்வி. பஸ்ஸில் வந்தேன் என்பதை ஆறு விதமாக எழுதத் தெரிந்தவருக்கு வாய் திறக்கவில்லை. அங்கே இருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

எங்கள் சிங்கள ஆட்கள் இங்கிலீஷுக்கு வைத்த பெயரே 'வாள்'. இருக்கிறவன் இல்லாதவனை வெட்டுவான். வெட்டுப்பட்டவர் திரும்பி வந்து கொக்கலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் நூல் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது வருஷம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை பேசவில்லை.

பத்தாம் வருஷம் ஒரு நாள், துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து, சட்டைகளில் கறை இருக்கிறது என்று கத்தினான். எண்ணெய் வடிந்தது மெஷினிலிருந்து. மேற்பார்வையாளனோ, தன் தலை தப்பினால் போதும் என்று, பெண்கள் கை கழுவாமல் வேலை செய்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். பதினேழு பெண்களுக்கு வேலை போகிற நிலைமை. பேசினது புரிந்தது மிஸ் ஒருவருக்குத்தான். கோபம் வந்ததே பாருங்கள்! கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கம்பெனி ஆள் முன்னாலேயே மேற்பார்வையாளனோடு கால் மணி நேரம் இங்கிலீஷில் சண்டை பிடித்தார். பாதி வாக்கியம் பிழை என்று அவரே சொல்வார். பதினேழு பேருக்கும் வேலை தப்பியது.

அன்றைக்கு ஒன்று அவருக்குத் தெரிந்துபோனது: கோபம் வந்தால் நாக்குக்கு வெட்கம் போய்விடும். முப்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, விகாரையின் தர்மபோதனைப் பள்ளி மண்டபத்தைக் கேட்டு வாங்கி, சனி ஞாயிறு மாலையில் வகுப்புத் தொடங்கினார்.

டவுனில் டியூஷன் வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார், 'சேர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நானூறு பிள்ளைகள், கையில் மைக். கட்டுரை சொல்லுவார், பிள்ளைகள் எழுதி மனப்பாடம் செய்யும். 'என் தாய்', 'என் நாய்' இரண்டுக்கும் முதல் நாலு வரி ஒன்றுதான். மிஸ்ஸின் வகுப்பில் முதல் மூன்று மாசம் எழுதுகிற கொப்பியே கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு மிஸ் கடைக்காரியாக உட்கார்ந்து அழுகின ஈரப்பலாக்காயை விற்பார்; திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டு நல்ல காய் வாங்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு நிஜச் சண்டை. மிஸ் செய்கிற எதுவும் பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லலாம். இங்கிலீஷில் மட்டும். அழக்கூடாது. ஒருத்தர் பிழையாகப் பேசுகிறதைப் பார்த்துச் சிரித்தால், அடுத்த சண்டை சிரித்தவருக்கு.

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். வெற்றிலைக் கட்டு கொடுத்து, மண்டியிட்டு, ஆசிரியர் காலைத் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளைகள் நாங்கள். பெரியவர்கள் பேசினால் தரையைப் பார்ப்போம். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒரு மணி நேரம் மிஸ்ஸோடு சண்டை போடலாம் என்றால் விடுவார்களா? மழையில் நனைந்துகொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். என் மகள் தெவ்மினிக்குப் பதினாலு வயது. வீட்டில் சோறு போதுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள். அவளும் ஓடினாள்.

வினை வந்தது எட்வின் அங்கிள் ரூபத்தில். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், விகாரைச் சபைச் செயலாளர், இங்கிலீஷ் தெரிந்த மனிதர். ஒரு சனிக்கிழமை மண்டபத்துப் பக்கம் போனவர் காதில் ஒரு பெண் பிள்ளையின் குரல் விழுந்திருக்கிறது. "நீங்கள் செய்தது அநியாயம். கவிந்துவுக்கு இரண்டு தடவை பேச வாய்ப்புக் கொடுத்தீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்!" எட்டிப் பார்த்தால், தெவ்மினி. மிஸ் எழுந்து நின்று, பிழை என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே, பிள்ளைகள் விகாரைக்குள் குருவைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மறுநாள் எட்வின் அங்கிள், வகுப்பை நிறுத்தச் சொல்லும் மனுவோடு என் வண்டியை மறித்தார்.

"இந்தா, கையெழுத்துப் போடு. உன் மகதான் முன்னாடி நின்னு கத்துறா. நாளைக்கு உன்னையே கத்துவா, பாத்துக்கோ."

"அவளா அங்கிள்? அவளுக்கு வாயே கிடையாதே!"

"இப்ப முளைச்சிருக்கு."

பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஸ்டேஷனுக்குப் போக அவசரப்பட்டார்கள். என்ஜினைக்கூட நிறுத்தாமல் கையெழுத்துப் போட்டேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

பௌர்ணமி நாள் பின்னேரம் எல்லோரையும் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். நடுவில் விகாரையின் பெரிய பிக்கு, எங்கள் ஹாமுதுரு. ஒரு பக்கம் மனுக்காரர்கள் இருபத்துமூன்று பேர். பாயில் வெள்ளை உடுப்போடு பிள்ளைகள். மிஸ் தனியாக.

"ஹேமமாலி, சண்டைப் பாடத்தை விட்டுடு. டவுன் சேர் மாதிரி கட்டுரை சொல்லிக் குடு. மண்டபம் உனக்கே இருக்கட்டும்," என்றார் ஹாமுதுரு. நல்ல மனிதர், பிரச்சினை முடிந்தால் போதும் அவருக்கு.

"மன்னிக்கணும் ஹாமுதுருவே. அத விட்டா எங்கிட்ட பாடம்னு ஒண்ணும் இல்ல."

"பிடிவாதம் பாத்தீங்களா?" என்றார் எட்வின் அங்கிள்.

"பிடிவாதம்தான் அங்கிள். நான் ஒம்பது வருஷம் வாயை மூடிட்டு இருந்தவ. இந்தப் பிள்ளைங்கள ஒரு நாள்கூட அப்படி இருக்க விடமாட்டேன். மண்டபம் இல்லன்னா மாமரத்தடி. மழை வந்தா குடை."

"அப்ப சாவியக் குடுத்துடும்மா," என்றார் ஹாமுதுரு, மனசில்லாமல்.

மிஸ் சாவியை அவர் முன்னால் பாயில் வைத்தார். வழக்கத்துக்காக ஹாமுதுரு கேட்டார்: "பிள்ளைகள் யாராவது ஏதாவது சொல்லணுமா?" எந்தப் பிள்ளை சொல்லும்? முப்பது தலைகளும் தரையைப் பார்த்தன. மிஸ் ஒருவருக்கும் கண் காட்டவில்லை.

தெவ்மினி எழுந்தாள். ஹாமுதுருவை மண்டியிட்டுக் கும்பிட்டு, நிமிர்ந்து நின்று, இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"சிங்களத்துல பேசு பிள்ள!" என்று எட்வின் அங்கிள் அதட்டினார். அவள் நிறுத்தவில்லை. ஹாமுதுரு கையை உயர்த்தினார். "பேசட்டும். நீங்க புகார் சொன்னவரு எட்வின், நீங்க மொழிபெயர்க்க வேணாம். த்ரீவீல்காரா, வெள்ளைக்காரங்களோட இங்கிலீஷ் பேசுறவன் நீ, நீ சொல்லு."

எழுந்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் சிங்களத்தில் சொன்னேன்.

"சிங்களத்துல பெரியவங்கள எதுத்துப் பேச அவளுக்கு வாய் வரலையாம். இங்கிலீஷ்ல வருதாம். மிஸ்தான் வர வச்சாங்களாம்."

"கெட்ட வார்த்தை ஒருத்தரும் பேசலையாம். பேசினா மிஸ் வெளிய நிறுத்திடுவாங்களாம்."

"மிஸ் மேல மரியாதை குறையலையாம். தன் பேச்சக் கேட்டு, தான் செஞ்சது பிழைன்னு ஒத்துக்கிட்ட ஒரே பெரிய ஆள் மிஸ்தானாம்."

அடுத்ததைக் கேட்டதும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். மண்டபம் என்னையே பார்த்தது.

"என்னப்பா, நிறுத்திட்ட?" என்றார் ஹாமுதுரு.

தெவ்மினி என்னைப் பார்த்துக்கொண்டு, அதையே திரும்பச் சொன்னாள், நிறுத்தி நிதானமாக, எனக்குப் புரியாதது போல! அதைச் சொல்லாமல் விழுங்கினால் என் பிழைப்புக்கே அர்த்தமில்லை என்று தோன்றியது.

"எங்கப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. வெள்ளைக்காரங்களோட வாடகைக்கு தெனமும் இங்கிலீஷ்ல சண்ட போடுறாரு. பேசத் தெரியாட்டா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டிருக்காரு. எனக்கு அவரு மேல கோவம். அப்படின்னு சொல்றா ஹாமுதுருவே."

"உண்மையா?"

"உண்மைதான். நான் கேக்கல."

எட்வின் அங்கிளிடமே பேனா கேட்டேன். வேறு வழியில்லாமல் கொடுத்தார். மனுவில் என் பெயரைக் குறுக்கே கோடிழுத்து அடித்தேன். பின்னாலிருந்து மீன்காரர் சுமனபால எழுந்து வந்தார், பிறகு கவிந்துவின் அம்மா. தேநீர் வருவதற்குள் பதினாலு பெயர் போய்விட்டது. ஹாமுதுரு மிச்சத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்து மிஸ் பக்கம் வைத்தார். மிஸ் நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை மூணு மணி. லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்."

வீட்டுக்கு வந்து தெவ்மினி இரண்டு நாள் என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். கையெழுத்துப் போட்டதிலிருந்து தொடங்கி, தம்பிக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது வரை, அரை மணி நேரம் சண்டை பிடித்தாள். முழுக்கச் சிங்களத்தில். நான் துணியைக் கீழே போட்டுவிட்டு நின்று கேட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழக்கூடாது என்று அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன்.