நான் வெட்டி எறிந்த மூச்சுகள்

என் கணினியில் 'குப்பை' என்று பெயரிட்ட ஓர் ஒலிக்கோப்பு இருக்கிறது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஓடாது. பேச்சு இல்லை, இசை இல்லை. ஒரு பெண் மூச்சு வாங்குவது மட்டும் அடுத்தடுத்துக் கேட்கும். ஒரு ராப் பாட்டிலிருந்து நானே பொறுக்கி வெளியே தள்ளிய மூச்சுகள் அவை. இந்தத் தொழிலில் என் தலையில் விழுந்த பெரிய குட்டு அது என்பதால் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். அப்பா மிருதங்கம் வாசிப்பவர். நடக்கத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தாளம் போடத் தெரியும் என்பார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. பாட வருகிறவர்கள் ஒரு துளி பிசகினாலும் என் முகம் சுருங்கிவிடும். அப்படிப்பட்டவளிடம்தான் நொச்சிக்குப்பத்திலிருந்து அந்தப் பெண் வந்தாள். காலையில் அம்மாவோடு சாலையோரத்தில் மீன் விற்றுவிட்டு, குளித்து, தலை ஈரம் காயாமல் வந்து நின்றாள். என்னை அக்கா என்றாள். அன்றைக்கே எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

அவளுக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு மேடை. அடையாறில் ஒரு திறந்தவெளிக் கலைவிழாவில் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அது எடுபடாவிட்டால் முதல் தேதியிலிருந்து தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்கு நிற்பதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வெயிலில் கூடை சுமந்தே காலம் போனவள், மகளாவது மின்விசிறிக்குக் கீழே நிற்கட்டும் என்று நினைத்தாள்.

பாட்டும் அந்த அம்மாவைப் பற்றியதுதான். கடல்தாய், தியாகம் என்று பெரிய சொற்கள் எதுவும் அதில் இல்லை. லிஃப்டில் ஏறாதே என்ற காவலாளி, கூடையோடு நாலு மாடி ஏறிய பிறகு 'இன்றைக்கு வெள்ளிக்கிழமை' என்று கதவைச் சாத்திய வீடு, கழுத்து வழியே முதுகில் இறங்கும் ஐஸ் தண்ணீர், இவ்வளவுதான். சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் பாதி வரிகள் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விழுந்தன. நடுநடுவே மூச்சு வேறு இரைந்தது. பழக்கமில்லாத பெண், நாம் சரிசெய்து கொடுப்போம் என்று இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் இழுத்துத் தாளத்தின் மேல் நேராக உட்காரவைத்தேன். மூச்சுகளை வெட்டிக் 'குப்பை'யில் போட்டேன். கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள். "இதுல நான் எங்கக்கா கீறேன்? கூடைய தூக்கிக்கினு நாலு மாடி ஏறுற பொம்பள இப்டியா டைமுக்கு கரெக்டா வந்து நிப்பா? அவளுக்கு மூச்சு வாங்காதா?"

அவள் போன பிறகு பழைய பதிவைப் போட்டுக் கேட்டேன். பிந்தி விழுந்த வரிகள் எல்லாம் படியேறும் வரிகள். இறங்கும் வரிகளில் அவள் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறாள். பிசகு என்று நான் நினைத்தது அத்தனையும் கணக்கு. சபாவில் ஒரு வித்வான் தாளத்தை விட்டுத் தள்ளி நின்று விளையாடிவிட்டு இம்மி பிசகாமல் வந்து சேர்ந்தால் ஆகா என்று தலையாட்டுகிறவள் நான். அதையே மீன் விற்கிற பெண் செய்ததும் அவளுக்குத் தாளம் நிற்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது. பாட்டைப் பழையபடி மாற்றிவைத்தேன்.

விழாவில் ஒலியை ஏற்றி இறக்கும் பலகை என் கையில். கடைசிப் பகுதியில் டிரம்ஸை அடியோடு நிறுத்திவிடச் சொன்னாள். எட்டுத் தாளச் சுற்று முடிந்து, பாட்டில் அவள் கீழ்ப்படிக்கு வரும் இடத்தில் மறுபடி ஏற்றினால் போதுமாம். தாளம் என் ஹெட்போனில் மட்டும் ஓடும், அவளுக்கு ஒன்றும் கேட்காது. ஓர் அடி தவறினாலும் ஊருக்கே தெரிந்துவிடும். அவளுடைய அம்மா நாற்காலி வேண்டாம் என்று என் பக்கத்திலேயே நின்றாள். கூட்டம் பஜ்ஜியும் பேச்சுமாக இருந்தது.

டிரம்ஸை நிறுத்தினேன். வெறும் குரல் படியேறத் தொடங்கியது. மாடிக்கு மாடி சொற்கள் குறைந்தன, இடைவெளி நீண்டது. பேச்சுச் சத்தம் அடங்கி மைதானமே அவளோடு படியேறிக்கொண்டிருந்தது. நாலாவது மாடியில் கதவு சாத்திக்கொண்டது. அவள் நின்றாள். பிறகு மைக்கில் ஒரே ஒரு மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற நீளமான மூச்சு. அம்மா என் இடது கையை இறுகப் பிடித்தாள்.

"அது என் மூச்சு," என்றாள். "எறக்கி வச்ச கூடைய திரும்ப தலைக்கு தூக்கசொல்லோ நான் உடறது."

அதைத்தான் நான் சத்தம் என்று வெட்டிப் போட்டிருந்தேன். யோசிக்க நேரமில்லை, அவள் இறங்கத் தொடங்கிவிட்டாள். நாலு மாடியையும் மூச்சே விடாமல், எதுகை எதுகையாக உருட்டிக்கொண்டு வந்தாள். என் காதில் எட்டாவது சுற்று முடிந்தது. வலது கையால் ஏற்றினேன். அவளுடைய கடைசிச் சொல்லும் டிரம்ஸின் முதல் அடியும் ஒன்றாக விழுந்தன. மைதானம் எழுந்து நின்றுவிட்டது. நான் என்னை மறந்து கத்தினேன்.

அம்மா கத்தவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் காதருகே சொன்னாள்: "அந்த ஜவுளிக்கடைக்கு நானே போய் சொல்லிட்டு வரேன், எம் பொண்ணு வரமாட்டான்னு."

இப்போது அந்தப் பாட்டு ஆட்டோக்களில் ஓடுகிறது. அடுத்த பதிவுக்குத் தங்கச்சியிடம் தேதி வாங்க நான்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அவளிடம் சொன்னதில்லை. நேற்று கணினியைச் சுத்தம் செய்யும்போது 'குப்பை' கண்ணில் பட்டது. ஓடவிட்டேன். படியேறும் மூச்சுகள் எவை, நின்று நிதானிக்கும் மூச்சுகள் எவை என்று இப்போது எனக்குத் தெரியும். கூடை தூக்கும் மூச்சுக்குப் பிறகு இறங்கும் வரிகள் மனதுக்குள் ஓடின; கடைசிச் சொல்லில், பலகையில் எதுவுமே இணைக்காமல் இருந்தும், என் வலது கை டிரம்ஸை ஏற்றப் போய்விட்டது.