கல் சீமாட்டிக்கு வைத்த நேர்த்தி

இந்த வெள்ளைக்காரர் நாட்டில் சனங்கள் சப்பாத்தோடு எழும்பிச் சப்பாத்தோடு படுக்கிறார்கள் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். குசினிக்குள்ளும் சப்பாத்து, சாப்பாட்டு மேசைக்குக் கீழேயும் சப்பாத்து. நான் வெறுங்காலோடு மாடிப்படி இறங்கினால் வீட்டுக்காரி மானம் போனதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரிலே சப்பாத்துப் போட்ட ஒருவரைக் கண்டால், அவர் கந்தோர் வேலைக்கோ கோட்டு வழக்குக்கோ போகிறார் என்று ஒதுங்கி வழிவிடுவோம். இங்கே கோயிலுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் ஊர்காவற்றுறைப் பக்கம், நாரந்தனை. இவர் டாக்குத்தர் மேற்படிப்புக்காகக் கப்பலேறியவர். கலியாணம் முடிந்த சூட்டோடு நானும் கூடவே வந்தேன். வாடகை குறைவென்று நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இரண்டு அறை எடுத்திருந்தோம். காலை ரயிலுக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். மற்ற நேரமெல்லாம் நானும் கரியடுப்பும் வயிற்றுப் பிள்ளையும்தான். ஜெர்மனிக்காரன் சண்டைக்கு வருவான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. இருந்தது ஒரே ஒரு பயம். என் அக்கா வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள்.

அப்படிச் சாகிறவளுக்கு ஊரில் தெருவோரம் ஒரு சுமைதாங்கி கட்டுவார்கள். இடுப்புயரக் கல். விறகுக்கட்டோ கடகப் பெட்டியோ சுமந்து வருகிற பெண்கள் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிப் போவார்கள். அவள் இறக்காமல் கொண்டுபோன சுமை அப்படித்தான் இறங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அக்காவுக்கும் ஒன்று கட்டினார்கள். நான் ஒருநாளும் அதில் எதையும் வைத்ததில்லை. அந்த இடம் வந்தால் வேலியோரமாக ஒதுங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவேன்.

வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கியபோது எனக்கு நித்திரை போய்விட்டது. ஊரில் என்றால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வள்ளமேறி நயினாதீவு அம்மனிடம் போயிருப்பாள். வருகிற வழியில் ஊர்காவற்றுறை மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள். சைவக்காரர்தான், ஆனால் பிள்ளைப்பேறு என்று வந்தால் எங்கள் பெண்கள் எந்த வாசலையும் விட்டு வைப்பதில்லை. இங்கே அம்மனுக்கு எங்கே போவேன்? தெரு முனையில் ஒரு வேதக்கோயில் இருந்தது. அறுநூறு எழுநூறு வருசத்துப் பழசு என்று வீட்டுக்காரி பெருமையடிப்பாள். அதற்குள் ஒரு மாதா இல்லாமலா போவாள் என்று, ஒரு மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு தனியே போனேன்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது. நிலக்கற்களில் பெயர்கள் வெட்டியிருந்தன. எங்கள் கோயிற் படிகளில் இருப்பதுபோல உபயம் செய்தவர்களின் பெயர் என்று நினைத்து மிதித்துக்கொண்டே போனேன். மாதாவைக் காணவில்லை. சுவர் மாடங்களில் தலை உடைந்த சிலைகள் நின்றன. திரும்பி ஓடலாமா என்றிருந்தது. அப்போதுதான் ஒரு மூலையில் அவளைக் கண்டேன். உயர்ந்த கல் மேடையில் ஒரு சீமாட்டி நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். கைகூப்பிய கல் உருவம். பக்கத்தில் துணி சுற்றிய கல் குழந்தை. இந்த ஊர் மாதா படுத்திருக்கிறாள் போலும் என்று எண்ணினேன். வந்த ஆறுதலில் அழுதேவிட்டேன். மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தேன். அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "தாயே, பிள்ளை சுகமாப் பிறந்தால் கொண்டுவந்து உன்ரை காலடியிலை கிடத்துவன்" என்று வாய்விட்டு நேர்ந்தேன்.

பின்னால் ஒரு கூச்சல் கேட்டது. பித்தளை விளக்கு துலக்க வருகிற ஒரு கிழவி. மெழுகுதிரிக்கு ஏசுகிறாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது என் காலை. ஓடிப்போய் என் சப்பாத்துகளை எடுத்துவந்து, முழங்காலில் நின்று தானே மாட்டிவிட்டாள். என்னைத் துரத்துகிறாள் என்று நான் நடுங்க, குளிர்பிடித்துச் சாகப்போகிறேன் என்று அவள் நடுங்கினாள். பிறகு ஊர் பார்க்க வந்தவளுக்குச் சொல்வதுபோலக் கல் மேடையைத் தட்டிக் காட்டினாள். இந்தச் சீமாட்டி பிரசவத்தில் போனவளாம், பிள்ளையும் கூடவாம், இரண்டு பேரும் இதற்குள்ளேதானாம். நிலத்துக் கற்களுக்குக் கீழேயும் ஆட்கள்தானாம். சொல்லிக்கொண்டே வந்தவள் என் வயிற்றைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு எப்படி வந்தேனோ தெரியாது. வீட்டுக்காரி கத்தக் கத்தப் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினேன். இவர் வந்ததும் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, நான் ஒரு செத்த பொம்பிளைக்கு நேர்த்தி வைச்சிட்டன்."

"உமக்கென்ன விசரோ? அது வெறுங்கல்லு. அதை விடும்."

"நேர்ந்ததை விட ஏலாது."

"அப்ப கொண்டுபோய்க் கிடத்தும்."

"பிரேதம் வைச்ச கல்லிலையோ என்ரை பிள்ளையை?"

பிணம் அறுத்துப் படித்த மனிசன், மறுநாள் ரயிலுக்குப் போகமுன் எனக்குத் தெரியாமல் விபூதி எடுத்துப் பூசியதைக் கண்டேன். அதோடு எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போயிற்று.

இரண்டு மாதம் அந்தக் கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். நேர்த்தியைச் செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம். நான் செத்தால் இவர்கள் என்னையும் ஒரு கல்லுக்குக் கீழே வைத்துவிடுவார்களோ, கீரிமலைக் கடலுக்கு என் சாம்பல்கூடப் போகாதோ என்று கிடந்து புழுங்கினேன். ஒருநாள் இவரிடம் கேட்டும்விட்டேன். "விசர்க்கதை கதையாதையும்" என்றார்.

பிள்ளை பிறந்தான். இரண்டு நாள் பாடுபடுத்தித்தான் பிறந்தான், ஆனால் சுகமாகப் பிறந்தான். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த அன்று குளிப்பாட்டி, கம்பளியில் சுற்றி, யாருக்கும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். பெயர் வெட்டிய கற்களை மிதிக்காமல் இடுக்குப் பார்த்துக் கால் வைத்தேன். கிழவி தூரத்தில் துணியும் கையுமாக நின்றாள். இந்த முறை அவள் கிட்ட வரவில்லை.

கல் மேடையின் முன்னால் போய் நின்றேன். இடுப்புயரம். பிள்ளையோடு போனவளுக்கு வைத்த இடுப்புயரக் கல். இதை நான் வேறெங்கோ கண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வேலியோரமாக ஒதுங்கி ஓட இங்கே வேலி இல்லை.

பிள்ளையை அவள் காலடியில் வைத்தேன். கையை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. இரண்டு கையையும் அவனுக்கு அடியிலேயே கொடுத்துக்கொண்டு நின்றேன். புறங்கைகள் கல்லில் விறைத்தன. உள்ளங்கைகளில் அவன் சூடு. சீமாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் வாயைத் திறந்தேன்.

"அக்கா," என்றேன், "இவனை ஒருக்காப் பிடி."