மினிக்காயில் கேட்ட பதில்

அன்பான சபையாரே, என் பெயர் சுகந்தி. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் ஜோயல் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். மூன்று வருடத்துக்கு முன், ஜூலை மாதத்தில், கப்பல்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. நடுக்கடலில் ஜோயலைக் காணவில்லை, தேடியும் உடல் கிடைக்கவில்லை. எப்படி என்று ஒரு வரி இல்லை.

"பையன் தானாக் குதிச்சுட்டானாமா?" என்று கம்பெனியில் கேட்டார்கள். எங்கள் ஊர்ச் சபையிலும் சிலர் கேட்டார்கள். கடைசியாகப் பேசியபோது அவன் சோர்ந்துதான் இருந்தான். அதனால் எனக்கே பயம். மெஷின் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதே எனக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடியுமுன்னே எழுந்து வந்துவிடுவேன். வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். ஏதாவது ஒரு மனுசக் குரல் வேண்டுமே. ஜெபிக்க வார்த்தை வராது. ஒன்றே ஒன்றுதான் வரும்: "ஆண்டவரே, என் பிள்ளை தானாகப் போனானா? அதை மட்டும் சொல்லும்."

இரண்டு வருடத்துக்கு மேல் அதையே கேட்டேன். பதில் இல்லை.

அவன் பையைக் கப்பல்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். திறக்கத் துணிவில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். போன தவக்காலத்தில் ஒரு காலை, முழங்காலில் இருந்தபோது அது கண்ணில் பட்டது. 'திற' என்று மனதுக்குள் யாரோ சொன்னதுபோல் இருந்தது. திறந்தேன். அவன் வேதாகமத்துக்குள் ஒரு போட்டோ. ஜோயலும் இன்னொரு பையனும் தோளில் கைபோட்டு நின்றார்கள். பின்பக்கம் "இப்ராகிம், மினிக்காய்" என்று எழுதி, ஒரு போன் நம்பர்.

மினிக்காய் ஒரு தீவு, அங்கே மலையாளம் புரியுமாம். எங்கள் சபை ஆயரம்மாவுக்கு மலையாளம் தெரியும். அவர்தான் பேசினார். இப்ராகிமின் தாய் எடுத்தார். "என் மகன் போனில் இதைப் பேச மாட்டான். அந்த அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள்" என்றாராம். தீவுக்குள் வர அனுமதியும் அவர்களே வாங்கித் தந்தார்கள்.

கொச்சியிலிருந்து தனியாகக் கப்பல் ஏறினேன். நாலு பக்கமும் தண்ணீர். இதில்தானே என் பிள்ளை கிடக்கிறான் என்று தோன்றியதும், உள்ளே போய் முகத்தை மூடிப் படுத்துவிட்டேன்.

மினிக்காயில் பாதி வீடுகளில் ஆண்கள் கப்பலில் இருந்தார்கள். பெண்கள்தான் வீட்டையும் ஊரையும் பார்த்துக்கொண்டார்கள். கடலுக்கு ஆளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இப்ராகிமின் தாய் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இப்ராகிம் ஊன்றுகோலோடு வந்தான். தலை நிமிரவில்லை.

"வாங்கம்மா. பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?"

எங்கள் ஊர்ப் பேச்சு! ஜோயலிடம் கற்றுக்கொண்டிருக்கிறான்.

"கண்ணு, அவன் தானாப் போனானா?"

"இல்லீங்கம்மா! சத்தியமா இல்லீங்க. புயலுங்க. டெக்குல இரும்புப் பெட்டி ஒண்ணு நகர்ந்து என் கால் மேல வந்துருச்சு. ஜோயல்தான் ஓடி வந்து என்னை இழுத்துக் கதவுக்குள்ள தள்ளுனான். அடுத்த அலை அவனைக் கொண்டுபோயிருச்சு. வேற யாரும் பாக்கலீங்க. எனக்கு நினைவு திரும்பவே பல நாளாச்சு, அதுக்குள்ள கப்பல்காரங்க கடுதாசி போட்டுட்டாங்க. நான் மட்டும் உசுரோட இருக்கேனேன்னு, உங்களுக்குப் போன் பண்ணவே தைரியம் வரலீங்க."

அவன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ இருக்கறயே சாமி, அது போதும். உன்னைக் காப்பாத்தத்தானே அவன் போனான்."

மூன்று வருடமாக வராத அழுகை அன்றுதான் எனக்கு வந்தது. கடற்கரைக்குப் போய் நின்று வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். இப்ராகிமின் தாய் பக்கத்தில் நின்று, அவர்கள் வழக்கப்படி கையேந்தி வேண்டினார்.

திரும்பி வந்த ஞாயிறு, எங்கள் ஊர்ச் சபைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். தனிமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் இல்லாத வீடுதான். ஆனால் இப்போது அவனை நினைக்கப் பயமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இப்ராகிம் கூப்பிட்டு, "சாப்டீங்களாம்மா?" என்கிறான். பிள்ளையை இழந்த தாய் யாராவது இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். கேள்வி கேட்பதில்லை.

உங்கள் ஜெபத்திலும் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அதையே கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். ஆண்டவர் பதிலை எந்தக் கரையில் வைத்திருந்தாலும், அதுவரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு.