ஒரு பிணத்துக்கு ஒரு ஒப்பாரி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கிறவள் நான். எங்கள் பக்கம் எந்தச் சாவு வீட்டிலும் ஒப்பாரியை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். என் வாய் அப்படி. அந்த வாயை நம்பித்தான் ஒரு பிரெஞ்சுப் படக் கம்பெனி என்னையும் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேரையும் கோட்டை அடிவாரத்துக்கு அழ அழைத்துப்போனது.

பிணமாக நடிக்கப் பாரிசிலிருந்து ஒரு நடிகை வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருக்கு ஜாக்கெட்டும் நான்தான் தைத்தேன். போட்டுப் பார்க்கும்போது, புதுச்சேரியிலிருந்து வந்த மொழிபெயர்ப்புப் பெண் மூலமாகத் தன் கதையைச் சொன்னார். பதினாறு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் நாடகத்தில் சேர்ந்தாராம். மேடையில் ராணி, சினிமாவில் காதலி. நாற்பதானதும் கதாநாயகனுக்கு அக்கா, அப்புறம் அம்மா, அதற்கும் அப்புறம் ஜன்னலோரக் கிழவி.

"இதான் கடைசிப் படமாம்க்கா. பேச ஒரு வார்த்தைகூட இல்லையாம். நான் யாருன்னு சொல்லாமலே முடியப்போவுதேன்றாங்க" என்றாள் அந்தப் பெண்.

கேட்ட ஆத்திரத்தில் குண்டூசியை அந்தம்மா தோளிலேயே குத்திவிட்டேன்.

படப்பிடிப்பன்று டைரக்டர், சத்தம் வரக்கூடாது, கண்ணீர் மட்டும் வந்தால் போதும் என்றார்.

"இன்னாது, சத்தமில்லாமலா? பொணமே கோச்சுக்கினு எழுந்து பூடும்!" என்றேன்.

அதை மொழிபெயர்த்ததும் பாடையில் கிடந்த பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து டைரக்டரிடம் என்னவோ அதட்டியது. அவர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "உங்க இஷ்டத்துக்கு அழுவச் சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண். அது போதாதா எனக்கு?

"பதினாறு வயசுல படிதாண்டி வந்தவளே, பாரீசு மேடையில ராணியா நின்னவளே, காதலியா இருந்தவளக் கெழவியாக்கி மூலையில குந்தவச்சாங்களே!"

ஏழு பேரும் மாரடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடினார்கள். காலையிலிருந்து ஆளுக்கொரு பன்தான் சாப்பாடு. "பன்னக் குடுத்து அழச்சொன்ன பாவி டைரக்டரு" என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். அவருக்கா தமிழ் தெரியப்போகிறது?

அந்தம்மாவுக்கும் தெரியாது. ஆனால் 'பாரீசு' புரிந்திருக்கும். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

டைரக்டர் தலையிலடித்துக்கொண்டு இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார்.

"ஒரு பொணத்துக்கு ஒரு ஒப்பாரிதான். ரெண்டாவது வச்சா ஆவாது" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தேன். ஏழு பேரும் எழுந்தார்கள். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். பசி.

வேறு வழியில்லாமல் அதையே படத்தில் வைத்தார்கள். முதல் காட்சி முடிந்ததும் மொழிபெயர்ப்புப் பெண் போனில் சொன்னாள். ஒப்பாரி முழுவதையும் கீழே பிரெஞ்சில் எழுத்தாகப் போட்டிருந்தார்களாம். பாவி டைரக்டரையும் விடவில்லை. பாரிசில் அந்த இடத்தில் கொல்லென்று சிரித்தார்களாம். மற்றதையும் படித்துவிட்டு, படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து, அங்கே உட்கார்ந்திருந்த அந்தம்மா பக்கம் திரும்பிக் கை தட்டினார்களாம்.

அடுத்த வாரம் வீடியோ காலில் அந்தம்மா வந்தார். திரையில் பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்ப்புப் பெண்ணும் தெரிந்தாள்.

"நெஜமா செத்தாலும் நீங்கதான் வந்து அழணுமாம்க்கா."

போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைக் காட்டிக்கொள்வேனா?

"அதெல்லாம் முடியாதுன்னு சொல்லு. ஒரு ஆளுக்கு ஒரு ஒப்பாரிதான். ஒனக்கு அழுது முடிச்சாச்சும்மா, இனிமே நீ சாவக்கூடாது."